மியூவன் ஊக்கல் இணைவு

யாழ்ப்பாணத்தில் உயர்தர இரசாயனம் படித்தவருக்கு ‘ஊக்கி’ பழகிய சொல். தமிழகத்தார் ‘வினையூக்கி’ என்பர். 1835இல் சுவீடிய இரசாயனர் பெர்சீலியஸ் ஊக்கலுக்கு வைத்த ‘கற்றலிசிஸ்’ என்ற பெயரின் கிரேக்க வேர் ‘அவிழ்த்தல்’. மியூவன் என்ற துணிக்கை ஊக்கியாக நின்று நடத்தும் அணுக்கரு இணைவில் நடப்பதோ இரு கருக்களை நெருக்கிப் பிணைப்பது. எனவே நம் ‘ஊக்கல்’தான் பொருத்தம்.

‘மியூவன்’, மியூ என்ற கிரேக்க எழுத்தின் வழி வந்தது. 1936இல் அண்டர்சனும் நெடர்மேயரும் அண்டக்கதிரில் கண்ட இத்துணிக்கையை முன்பு ‘மியூ மேசன்’ என்றார்கள். அது மேசன் (வலிய கருவிசைக்கு உட்படும் ஒரு துணிக்கை வகை) இனமல்ல என்று தெரிந்ததும் வால் கழன்றது. நல்லதுதான், எங்கள் ஊரில் மேசன் சுவர் கட்டுகிறவர். இப்பெயரை ஒலிபெயர்த்தாலே போதும்.

மறை மியூவனின் (மறை மின்னேற்றம் உள்ளதன்) திணிவு இலத்திரனுடையதைப் போல 207 மடங்கு. ஐதரசனின் பார வடிவங்களான தியூற்றீரிய, திரிற்றியக் கருக்களை இலத்திரனுக்குப் பதிலாக அது பிணைத்தால் இடைத்தூரம் ஏறத்தாழ 200 மடங்கு சுருங்கும். கோடிக்கணக்கான பாகை வெப்பமின்றியே அவை இணைந்து 17.6 மெகா இலத்திரன்வோல்ற்று சக்தி தரும். மியூவன் விடுபட்டு அடுத்த சோடிக்குப் போகும். ஆயுள் 2.2 மைக்குரோ செக்கன். அதைவிடத் தொல்லை ‘ஒட்டல்’: நூறில் ஒன்றுக்கும் குறைவான தடவைகளில், பிறக்கும் ஈலியக் கருவோடு மியூவன் ஒட்டிக்கொண்டு போய்விடும். 1980களில் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் மியூவன் ஒன்றுக்குச் சுமார் 150 இணைவு கிடைத்தது. 150 × 17.6 = 2,640. ஒரு மியூவனை ஆக்கவோ அதே அலகில் 5,000 அளவு செலவு.

முற்றத்தில் நீட்டிய உள்ளங்கையில் அண்டக்கதிர் மியூவன் செக்கனுக்கு ஒன்றாவது விழுகிறதே என்றால், அது எரிபொருளுக்குக் காணாது. புரோத்தன் கற்றையைக் காபன் போன்ற இலேசான இலக்கில் மோதவிட்டுப் பயோன் என்ற துணிக்கையை எடுக்க வேண்டும். (‘பையன்’ என்று எழுதினால் பொடியன் வந்து நிற்பான்.) பயோன் 26 நனோ செக்கன் அளவில் மியூவனாகத் தேயும். தவறுவது இங்கேதான்: மறைப் பயோன் இலக்குக்குள்ளேயே நின்றால் கரு அதை விழுங்கிவிடும், மியூவன் கிடைக்காது. ஆகவே இலக்கு ஒடுங்கியிருக்க வேண்டும். வெளியேறும் பயோன் வெற்றிடக் குழாயில் பறந்தபடியே தேய வேண்டும். சுற்றியுள்ள வரிச்சுருளின் காந்தப்புலம் அதைச் சிதறாமல் பிடிக்கும். புரோத்தன் மோதலில் நேர்ப் பயோனே மிகுதி. நியூத்திரனும் சேர்ந்த தியூத்திரன் கற்றையில் மறைப் பங்கு கூடும்.

இதைக் ‘குளிர் இணைவு’ என்று எழுதாதீர்கள். அப்பெயர் 1989இல், பலேடிய மின்வாயில் இணைவு கண்டதாக எழுந்த கூற்றுக்குப் போய்விட்டது, அது உறுதிப்படவில்லை. மியூவன் வழி இணைவையோ 1956இலேயே அமெரிக்காவின் பேர்க்லியில் பௌதிகர் அல்வாரெஸின் குழு, துணிக்கைத் தடம் காட்டும் குமிழி அறையில் கண்டுவிட்டது.