தோட்டத்து ஓட்டுரிமையை ஊருக்கு மாற்ற படிவம் 8 போதும்

மூணாறில் லயத்து வீடு (எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு), போடியில் சொந்த வீடு. ஓட்டு இடுக்கித் தொகுதியிலா, தேனியிலா? வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே மட்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஊரில் வீடு இருப்பது மட்டும் கணக்கில்லை. பிழைப்புக்காக மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு இந்தப் பழைய ஏற்பாடு பொருந்தவே இல்லை. இருக்கும் இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடும் இயந்திரம் என்று 2022 கடைசியில் தேர்தல் ஆணையம் அறிவித்தது. அதோடு சரி.

ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்து குடும்பம் கீழே இறங்கும். வாக்காளர் பட்டியலில் பெயர் மேலேயே இருக்கும். அலைச்சல் இங்கேதான் ஆரம்பம். "அங்கே பெயரை நீக்கிட்டு, கடிதம் வாங்கிட்டு வாங்க" என்பார்கள் ஊர் அலுவலகத்தில். செய்யாதீர்கள். படிவம் 7 கொடுத்து அங்கே நீக்கிவிட்டு, இங்கே சேராமல் தேர்தலன்று வெறுங்கையோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாநிலம் மாறினாலும் குடிமாற்றத்துக்குப் படிவம் 8 மட்டும் போதும். பழைய இடத்தில் நீக்குவது அதிகாரிகளின் வேலை.

கணினி மையத்தில் அவசரத்துக்குப் படிவம் 6 தட்டிவிடுவார்கள். அது முதல்முறை சேர்கிறவர்களுக்கானது. வேறெங்கும் பெயர் இல்லை என்று அதில் உறுதி கொடுக்கிறீர்கள். பொய் என்றால் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. 2024இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, கேரளாவில் ஏப்ரல் 26 வாக்குப்பதிவு. இரண்டு பட்டியலிலும் பெயர் இருந்தால், இரண்டு இடத்திலும் ஓட்டுப் போட்டதாகச் சந்தேகப்பட வேறென்ன வேண்டும்? மாட்டுவது தட்டிக்கொடுத்தவர் இல்லை, கையெழுத்துப் போட்டவர்.

மலையிலேயே இருப்பவர்களிடம் முகவரிச் சான்றாக வீட்டுப் பத்திரம், எஸ்டேட் கடிதம் என்று கேட்பார்கள். லயத்துக்கு ஏது பத்திரம்? அந்த முகவரி உள்ள வங்கி அல்லது தபால் நிலையப் பாஸ்புக்கைக் காட்டுங்கள். அப்புறம், கேரளத்தில் பஞ்சாயத்துத் தேர்தலுக்குத் தனிப் பட்டியல். அதில் பெயரைப் பார்த்துவிட்டு நாடாளுமன்றத்துக்கும் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். கையில் அடையாள அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை.

மனு கொடுத்தால் ஒப்புகை எண் வாங்காமல் நகராதீர்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்பது பதில் ஆகாது. நிராகரித்தால் உத்தரவை எழுத்தில் கேட்டு, 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் தாண்டினால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் ஏறாது. தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே 1950 என்ற தேர்தல் உதவி எண்ணில் கூப்பிட்டு, பெயர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள்.