சொல் விளக்கம்: தடுப்பூசி மீறிய தொற்று

'பிரேக்த்ரூ இன்ஃபெக்‌ஷன்' என்று ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் 'தடுப்பூசி மீறிய தொற்று' என்று எழுதலாம். ஒரு நோய்க்கான தடுப்பூசியை எல்லாத் தவணையும் போட்டு, எதிர்ப்பாற்றல் உருவாகப் போதுமான நாள் கடந்த பிறகும் அதே நோயின் கிருமி தொற்றினால் அதற்கு இந்தப் பெயர். கொரோனாவுக்கு அந்த இடைவெளி 14 நாள். இரண்டாவது ஊசி போட்ட நாலாம் நாளே காய்ச்சல் வந்து பாசிட்டிவ் என்றால் அது இந்தக் கணக்கில் சேராது. ஊசி அப்போது வேலையைத் தொடங்கியிருக்கிறதே தவிர முடிக்கவில்லை.

ஆங்கிலச் சொல் போர்க்களத்தில் பிறந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில், எதிரியின் காவல் வரிசையைப் பிளந்துகொண்டு படை மறுபக்கம் போவதை அப்படிச் சொன்னார்கள். பிறகு அது இரண்டாகக் கிளைத்தது. அறிவியலில் பெரிய முன்னேற்றத்தைக் குறிக்கும் 'திருப்புமுனை' ஒரு கிளை. மருத்துவத்துக்குள் போனது இன்னொன்று. வலி மருந்து தொடர்ந்து எடுக்கும் புற்றுநோயாளிக்கு நடுவில் திடீரென்று எழும் வலி, கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு மாதவிடாய் அல்லாத நாளில் வரும் உதிரக்கசிவு, இரண்டுக்கும் ஆங்கிலத்தில் இதே அடைமொழிதான். கொரோனாவுக்கு வெகு முன்பே சின்னம்மைத் தடுப்பூசியிலும் இது வழங்கியது. ஊசி போட்டு 42 நாளுக்கு மேல் கழித்து வரும் சின்னம்மையை அப்படிக் குறித்தார்கள். பெரும்பாலும் 50-க்கும் குறைவான கொப்புளங்களோடு அது அடங்கிவிடும்.

அகராதியில் கண்ணில் பட்ட முதல் பொருளை எடுத்து 'திருப்புமுனைத் தொற்று' என்று எழுதினால் அர்த்தமே தலைகீழாகிவிடும். 'ஊடுருவல் தொற்று' சரியில்லை. எந்தத் தொற்றும் உடலுக்குள் ஊடுருவித்தான் ஆக வேண்டும். 'உடைத்துப் புகுந்த தொற்று' என்றால் தடுப்பே நொறுங்கிப்போனதாக ஆகிறது. 'மறுதொற்று' வேறு விஷயம், ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது. 'தடுப்பூசிக்குப் பிந்தைய தொற்று' நல்ல தமிழ்தான், ஆனால் ஊசி போட்ட மறுநாள் வந்ததும் அதில் அடங்கிவிடும். 'மீறு' என்பதில் எல்லையும் இருக்கிறது, அதைக் கடந்ததும் இருக்கிறது. விதியை மீறினான் என்றால் விதி இல்லாமல் போய்விட்டதென்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தச் சொல் இங்கே அவ்வளவு மனக்கசப்போடு வந்து சேர்ந்ததற்கு 'தடுப்பூசி' என்ற சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'வேக்சின்' என்பதன் வேர் பசுவைக் குறிக்கும் லத்தீன் சொல். 1796-ல் ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர் மாட்டம்மைக் கொப்புள நீரைக் கொண்டு பெரியம்மைக்கு எதிராகச் செய்த சோதனையிலிருந்து வந்த பெயர் அது. தடுப்பேன் என்று அந்தச் சொல் எந்த வாக்கும் தரவில்லை. நம் பழைய 'அம்மை குத்துதல்' கூடச் செய்கிற காரியத்தைத்தான் சொன்னது. 'தடுப்பூசி'யோ பெயரிலேயே வாக்குக் கொடுக்கிறது. "தடுப்பூசின்னா தடுக்கணும்ல? ரெண்டு ஊசி போட்டும் வந்துடுச்சே" என்று 2022 ஜனவரியில் சென்னையில் கேட்காத தெரு இல்லை. அது நியாயமான கேள்விதான்.

பதில் 'தொற்று' என்ற சொல்லில் இருக்கிறது. 29சி பஸ் படிக்கட்டில் பையன்கள் தொற்றிக்கொண்டு போகிறார்கள் என்கிறோமே, அதே வினைதான். தொற்றுவது என்றால் பற்றிக்கொள்வது. கிருமி வந்து பற்றுவது ஒன்று, அது நுரையீரல்வரை இறங்கி ஆளைச் சாய்ப்பது இன்னொன்று. முதலாவதை ஊசி ஓரளவுக்குத்தான் தடுத்தது. 2021 ஏப்ரலில், இரண்டு ஊசியும் போட்ட 10,000 பேரில் 2 முதல் 4 பேருக்கே தொற்று வந்தது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் சொன்னது. ஆனால் பிறகு பரவிய டெல்டா, ஓமிக்ரான் வகைகள் அந்தக் கணக்கைப் பழசாக்கிவிட்டன. ஆளைச் சாய்ப்பதை ஊசி நன்றாகவே தடுத்தது. தமிழ்நாட்டின் 1,17,524 காவலர்களை வைத்து, சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தினர் பங்கெடுத்துச் செய்த ஆய்வில், இரண்டாம் அலையில் மரணத்தைத் தடுப்பதில் ஒரு ஊசி 82 சதவீதமும் இரண்டு ஊசி 95 சதவீதமும் பலன் தந்தது தெரிந்தது.

முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தச் சொல்லைத் தனியாக விளக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் அந்த நோயின் பெயரையே சரிசெய்ய வேண்டும். 'டைப் ஒன்' என்பதை 'முதல் நிலை' என்று புரிந்துகொண்டு, ஆரம்பக் கட்டச் சர்க்கரைதானே என்று பேசுகிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு. அது நிலை அல்ல, வகை. உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களை அழித்துவிடுவதால் வருவது. பலருக்குச் சிறுவயதிலேயே தொடங்குவது. இன்சுலின் ஊசி இல்லாமல் உயிர் வாழ முடியாதது. தடுப்பூசி வருவதற்கு முன், 2020-ல் இங்கிலாந்தில் பார்த்த கணக்கில், மருத்துவமனையில் கொரோனாவால் இறக்கும் வாய்ப்பு நீரிழிவு இல்லாதவர்களைவிட இரண்டாம் வகையினருக்குச் சுமார் இரண்டு மடங்கும் முதல் வகையினருக்குச் சுமார் மூன்றரை மடங்கும் இருந்தது. நாற்பது வயதுக்குள் இறப்பு அரிது என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

அப்படியிருந்தும் 2021 மார்ச்சில் இங்கே இணைநோய் உள்ளவர்களுக்கு ஊசி என்று தொடங்கியபோது 45 வயது ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். இருபது வயது டைப் ஒன் பிள்ளைகள் மே மாதம்வரை காத்திருந்தார்கள். 15 வயதானவர்கள் 2022 ஜனவரி 3 வரை, 12 வயதானவர்கள் மார்ச் 16 வரை. பலருக்கு நோய் தொடங்குகிற வயதே சின்ன வயது எனும்போது இந்த வரிசை எனக்கு இன்றும் சரியாகப் படவில்லை. ஊசி இவர்களுக்குப் பலன் தருமா என்ற சந்தேகத்துக்கும் பதில் உண்டு. ஆஸ்திரியாவில் செய்த ஆய்வில், இரண்டாவது ஊசிக்குப் பிறகு இவர்களின் எதிர்ப்பொருள் அளவு மற்றவர்களுக்கு ஈடாகவே இருந்தது.

'லேசான தொற்று' என்ற சொல்தான் இவர்களுக்கு உண்மையான சிக்கல். லேசானதா கடுமையானதா என்று அரசு வழிகாட்டுதல் பிரித்தது மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் வைத்து. இரத்தத்தில் அமிலம் ஏறுகிறதா என்பது அந்த அளவுகோலில் இல்லை. காய்ச்சல் வந்தால் கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றும். சாப்பிடாமல் படுத்திருந்தாலும் இன்சுலின் தேவை கூடவே செய்யும். அது கிடைக்காதபோது உடல் கொழுப்பை எரிக்கும், அதில் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேரும், இரத்தம் அமிலமாகும். டாக்டர்கள் 'டிகேஏ' என்று சொல்வது இதைத்தான்.

பெரம்பூரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கல்லூரியில் படிக்கும் பெண், எட்டு வயதிலிருந்து இன்சுலின் போடுகிறவள், இரண்டு தடுப்பூசியும் போட்டவள். 2022 பொங்கல் வாரத்தில் அவளுக்குக் காய்ச்சலும் வாந்தியும். "நீதான் ஒண்ணும் சாப்பிடலையே கண்ணு, ஊசி எதுக்கு? சுகர் இறங்கிடப் போகுது" என்று பாட்டி தடுத்தார். பாசத்தில் சொன்னதுதான். இரண்டு வேளை ஊசி நின்றது. மறுநாள் அவளுக்கு மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வந்தது. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 காட்ட, எல்லோரும் நிம்மதியானார்கள். அவள் அம்மாவுக்குத்தான் சந்தேகம் தட்டி, சிறுநீரில் கீட்டோன் பட்டையை நனைத்துப் பார்த்தார். வெளிறிய பட்டை கருஞ்சிவப்பாக மாறியது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சலைனும் இன்சுலினும் ஏற்றி ஆளை மீட்டார்கள். அந்த மூச்சு நுரையீரல் கெட்டதால் வந்ததல்ல. அமிலத்தை வெளியேற்ற உடல் அப்படி மூச்சு வாங்கும், ஆக்சிஜன் அளவு அதைச் சொல்லாது.

அதனால் முதல் வகை நீரிழிவு உள்ளவருக்குத் தடுப்பூசி மீறிய தொற்று வந்தால், நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை எக்காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும், இரவிலும். சர்க்கரை 250-ஐத் தாண்டினாலோ வாந்தி, வயிற்றுவலி வந்தாலோ கீட்டோனும் பார்க்க வேண்டும். வாந்தி நிற்கவில்லை என்றாலும் மூச்சு மாறினாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன் தேவைப்பட்டு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் சர்க்கரை இன்னும் ஏறும். இன்சுலின் அளவை டாக்டர் அதற்கேற்பக் கூட்டுவார். அப்புறம், கேஸ் ஷீட்டில் 'தடுப்பூசி மீறிய தொற்று, லேசானது' என்று மட்டும் எழுதியிருந்தால், பக்கத்திலேயே 'முதல் வகை நீரிழிவு' என்றும் கீட்டோன் அளவு எவ்வளவு என்றும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.