ஒன்றுக்கு ஒன்று ஃப்ரீ: எந்த விலையில் ஒன்று?

சம்பளம் வந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை, செம்பூரிலோ முலுண்டிலோ ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்குள் தள்ளுவண்டியைத் திருப்பக்கூட இடம் கிடைக்காது. அந்த நெரிசலிலும் தூரத்திலிருந்தே கண்ணில் படுவது சலுகை அட்டைகள்தான். 'ஏக் பே ஏக் ஃப்ரீ', 'மூன்று 99 ரூபாய்', 'இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம்'. மும்பைத் தமிழர்கள் சிக்கனத்துக்குப் பேர்போனவர்கள் என்று நாமே சொல்லிக்கொள்வோம். ஆனால் இந்த அட்டைக்கு முன்னால் சிக்கனக்காரர்கள்தான் முதலில் நிற்கிறார்கள். அட்டை பேசுவதே அவர்களிடம்தானே.

ஒரு சலவைத்தூள் பாக்கெட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எம்ஆர்பி 200 ரூபாய். ஆனால் அந்தக் கடையில் மற்ற நாட்களில் அது 130க்குத்தான் போகிறது. இந்த வாரம் ஒன்றுக்கு ஒன்று ஃப்ரீ. பில்லில் முதல் பாக்கெட்டுக்கு 200, இரண்டாவதுக்குப் பூஜ்யம். ஆக ஒன்று 100 ரூபாய்க்கு விழுகிறது. போன வாரத்தோடு ஒப்பிட்டால் பாக்கெட்டுக்கு 30 ரூபாய், ஏறக்குறைய 23 சதவீதம் மிச்சம். மோசமில்லை. ஆனால் அட்டையைப் பார்த்ததும் மனம் போட்ட கணக்கு 50 சதவீதம். வழக்கமான விலை 105 ஆக இருந்தால் இன்னும் வேடிக்கை. பாக்கெட்டுக்கு 5 ரூபாய் மிச்சம் பிடிக்க, கையிலிருந்து 95 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும்.

இதில் கடைக்காரர் சொன்ன பொய் எது என்று கேட்டால் சட்டென்று காட்ட முடியாது. எம்ஆர்பி என்பது அதிகபட்ச சில்லறை விலை. வரி எல்லாம் சேர்த்து உற்பத்தியாளர் அச்சிடுவது. அதற்கு மேல் விற்கக் கூடாது. கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். பெரிய கடைகளில் பல பொருட்களுக்கு அந்த விலையை யாரும் கொடுப்பதே இல்லை. சாதாரண நாட்களில் அது குறுக்கே கோடு போட்டு அடித்துக் காட்டுவதற்கான எண். சலுகை நாளன்று மட்டும் அதுவே உண்மையான விலையாக மாறி, 'ஒன்று' என்பதற்கு நம்மிடம் வசூலாகிறது. பில்லின் அடியில் 'நீங்கள் மிச்சப்படுத்தியது' என்று வரும் தொகையும் பெரும்பாலும் இந்த எம்ஆர்பியோடு ஒப்பிட்டதுதான், நீங்கள் போன மாதம் கொடுத்த விலையோடு அல்ல.

எம்ஆர்பி முறை இல்லாத நாடுகளில் இதே வேலையை வேறு விதமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. சலுகைக்கு முன் ஒற்றை விலையையே ஏற்றிவிடுவார்கள். பிரிட்டனில் விச் என்ற நுகர்வோர் அமைப்பு 2015 ஏப்ரலில் இதைப் பற்றி அரசின் போட்டி ஆணையத்திடம் ஒரு பெரும் புகார் கொடுத்தது. அதில் வந்த ஓர் உதாரணம் பீட்சா. ஒன்று 1.50 பவுண்டுக்கு விற்றுக்கொண்டிருந்தது. சலுகை தொடங்கியதும் ஒற்றை விலை 2 பவுண்டு, 'இரண்டு வாங்கினால் 3 பவுண்டு'. சலுகை முடிந்ததும் மறுபடி 1.50. இரண்டு வாங்கியவர் ஒரு காசுகூட மிச்சம் பிடிக்கவில்லை. ஒன்று போதும் என்று நினைத்தவர் அரை பவுண்டு அபராதம் கட்டினார். அந்த ஜூலையில் பதில் சொன்ன ஆணையம், இத்தகைய ஏமாற்று துறை முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை, ஆனால் நடக்கத்தான் செய்கிறது என்றது. எல்லாச் சலுகையும் மோசடி இல்லை என்பது என் எண்ணமும்கூட. உண்மையிலேயே லாபமான சலுகைகள் இருப்பதால்தான் மற்றவை அவற்றின் நிழலில் பிழைக்கின்றன.

போன வார விலை நினைவிருந்தால் இந்த வித்தை பலிக்காதே என்று தோன்றும். போன வாரம் இருக்கட்டும், போன நிமிடமே நினைவில் நிற்பதில்லை. 1990ல் டிக்சன், சாயர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு பொருளை எடுத்து வண்டியில் போட்ட கையோடு வாடிக்கையாளரை நிறுத்தி அதன் விலையைக் கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. சலுகை விலையில் இருந்த பொருளை எடுத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது சலுகை என்பதே தெரியாது. அதே வருடம் இன்மன் குழுவினரின் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. விலையில் எந்த மாற்றமும் செய்யாமல் சலுகை அட்டையை மட்டும் வைத்தாலும், அதிகம் யோசித்துப் பார்க்காத வாடிக்கையாளர்கள் அந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது கூடியது. விலைக்குப் பதில் அட்டையே போதும் என்றாகிறது.

அடுத்தது எண்ணிக்கை. இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். விலை குறைவா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது, எத்தனை வேண்டும் என்ற கேள்விக்கு அட்டையே பதில் சொல்லிவிடுகிறது. 1974ல் டிவர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை ஒன்று புகழ்பெற்றது. ஒரு சுழல்சக்கரத்தைச் சுற்றுவார்கள். அது 10ல் அல்லது 65ல் மட்டும் நிற்கும்படி முன்பே ஏற்பாடு. பிறகு, ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். 10ஐப் பார்த்தவர்கள் சொன்ன பதில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நின்றது 25, 65ஐப் பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் கண்ணில் பட்ட எண், நங்கூரம் போட்ட படகைப் போல மதிப்பீட்டைத் தன் பக்கமே நிறுத்திவைக்கிறது.

கடைக்குள் இதைச் செய்து பார்த்தவர்கள் வான்சிங்க், கென்ட், ஹோக் மூவர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள சூ சிட்டியில் டப்பா சூப்பைச் சலுகை விலையில் வைத்தார்கள். வரம்பு எதுவும் இல்லாதபோது வாங்கியவர் சராசரியாக 3.3 டப்பா எடுத்தார். 'ஒருவருக்கு 12 மட்டும்' என்று எழுதியதும் அது 7 ஆனது. கட்டுப்பாடு போல எழுதிய பலகை விற்பனையை இரட்டிப்பாக்கியது. (வான்சிங்கின் வேறு பல கட்டுரைகள் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டன; 2018ல் அவர் ஆராய்ச்சி முறைகேடு செய்ததாக அவருடைய கார்னெல் பல்கலைக்கழகமே அறிவித்தது. எனவே 7 என்ற எண்ணில் நான் சத்தியம் செய்ய மாட்டேன். எண் இழுக்கும் திசையை மற்றவர்களின் சோதனைகளும் காட்டியிருக்கின்றன.) 'மூன்று 99' என்ற அட்டையிலும் இதேதான். ஒன்று மட்டும் எடுத்தால் 33க்குக் கொடுப்பார்களா என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். சில கடைகளில் கொடுப்பார்கள். கேட்பவர்தான் அரிது.

இதோடு 'இலவசம்' சேர்ந்தால் கணக்கு இன்னும் தடுமாறும். 2007ல் வெளியான ஒரு சோதனையில் நல்ல சாக்லேட் 15 சென்ட், சாதா சாக்லேட் 1 சென்ட் என்று வைத்தபோது 73 சதவீதம் பேர் நல்லதை எடுத்தார்கள். இரண்டிலும் ஒரு சென்ட் குறைத்து 14, இலவசம் என்று ஆக்கியதும் 69 சதவீதம் பேர் சாதாவுக்குத் தாவினார்கள். விலை வித்தியாசம் மாறவே இல்லை. அதனால்தான் இரண்டையும் பாதி விலைக்குத் தருவதைவிட ஒன்றை முழு விலைக்கும் மற்றதைச் சும்மாவும் தருவது கடைக்குப் பிடிக்கிறது. ஒரே பாக்கெட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தால் நாம் ஒன்றோடு போய்விடுவோம் என்பதும் ஒரு காரணம்.

சதவீதத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. காபிக்கொட்டைக்கு 33 சதவீதம் கூடுதல் அளவா, 33 சதவீதம் விலைக் குறைப்பா என்று கல்லூரி மாணவர்களைக் கேட்டபோது இரண்டும் ஒன்றுதான் என்று பார்த்தார்கள். 2012ல் வெளியான ஆய்வு இது. மாட்டுங்காவில் காபித்தூள் வாங்குகிறவர் இதைக் கொஞ்சம் நின்று போட்டுப் பார்க்கலாம். 100 கிராம் 100 ரூபாய் என்றால், கூடுதல் அளவு வந்தால் கிராம் 75 காசு. விலை குறைந்தால் 67 காசு. அதே ஆய்வில் கை லோஷனை, மதிப்பில் சமமான இரு சலுகைகளாக வைத்தபோது, 'கூடுதல் அளவு' என்று எழுதியது 73 சதவீதம் அதிகமாக விற்றது.

சரி, கூடுதலாக வந்ததை வீட்டில் வைத்து மெல்லப் பயன்படுத்தினால் நஷ்டமில்லையே? அது என்ன பொருள் என்பதைப் பொறுத்தது. 1998ல் ஐலவாடி, நெஸ்லின் இருவரும் குடும்பங்களின் கொள்முதல் கணக்குகளை ஆராய்ந்தபோது, தயிர் அதிகம் இருந்தால் வேகமாகத் தீர்ந்தது. கெச்சப் அவ்வளவாக வேகம் பிடிக்கவில்லை. நம் வீட்டுக்கும் இது பொருந்தும். இரண்டு பற்பசை வாங்கினால் இரண்டு மடங்கு பல் தேய்ப்பதில்லை. இரண்டு சிப்ஸ் பாக்கெட் வாங்கினால் இரண்டும் அன்று மாலையே காலி. ரவையும் ஆட்டாவும் மூன்றாவது வகை. ஜூனில் மழை பிடித்த பிறகு மும்பை ஈரப்பதத்தில் இலவசமாக வந்த பாக்கெட்டை நமக்கு முன் வண்டு திறந்துவிடும்.

தாராவியில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஒற்றை அறையில் சாமானுக்கு இடமேது? "மைனி, ஒண்ணு நீங்க வச்சுக்கிடுங்க, ஒண்ணு நான் எடுத்துக்கிடுதேன், காசு பொறவு குடுங்க" என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அட்டை சொன்ன எண்ணிக்கையை இரண்டு வீட்டுக்குப் பிரித்துவிட்டால், அது நம்மை அதிகம் வாங்கவைக்கிற வேலை அங்கேயே முடிந்துபோகிறது. ஆய்வாளர்கள் யாராவது வந்து இதை அளந்தால் நன்றாக இருக்கும்.

சட்டம் சும்மா இல்லை. விலையில் முழுவதுமோ ஒரு பகுதியோ ஏற்கெனவே அடங்கிய பொருளை இலவசம் என்று தோன்றச் செய்வது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளில் 'இலவசம்' என்ற அறிவிப்புக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பாக்கெட்டின் மேலேயே உதவியும் இருக்கிறது. 2021 நவம்பரில் எடையளவுச் சட்ட விதிகளில் வந்த திருத்தம், எம்ஆர்பியோடு கிராமுக்கோ மில்லிக்கோ இவ்வளவு என்ற யூனிட் விலையையும் அச்சிடச் சொன்னது. பிஸ்கட், டீ, காபி போன்றவற்றை இன்னின்ன எடைகளில்தான் பாக்கெட் போட வேண்டும் என்றிருந்த பட்டியலை அதே திருத்தம் நீக்கியும்விட்டது. எனவே இப்போது விநோத எடைகள் தாராளமாக வரலாம். இரண்டு சிறு பாக்கெட் காம்போ, ஒரு பெரிய பாக்கெட்டைவிடக் கிராமுக்கு அதிக விலையாக இருப்பதை இந்தச் சின்ன எழுத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். ஒரு குறை என்னவென்றால் அந்த யூனிட் விலையும் எம்ஆர்பியிலிருந்து வருவது. சலுகை இருக்கும்போது, மொத்தம் கொடுக்கும் காசை மொத்த எடையால் நாம்தான் வகுக்க வேண்டும். செல்போன் கால்குலேட்டருக்குப் பத்து விநாடி வேலை.

அந்த விடையையும் எதனோடாவது ஒப்பிட வேண்டுமே. சலுகைக்கு முந்தைய விலைக்கு வாடிக்கையாளரிடம் இருக்கும் ஒரே ஆதாரம் பழைய பில்தான். அட்டையில் இருந்த விலை பில்லில் வராவிட்டாலும், இலவசம் என்றதற்குக் காசு பிடித்திருந்தாலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் சொல்லலாம். அப்போது அட்டையின் படமும் பில்லும் கையில் இருக்க வேண்டும். பில் அச்சாவது தெர்மல் காகிதத்தில்; கொஞ்ச நாளில் எழுத்து வெளுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.