கத்தரித் தோட்டத்துக்குக் காப்புறுதி உண்டா? திருகோணமலைத் தோட்டக்காரருக்கு ஒரு விளக்கம்

மாரி வெள்ளம் வடிந்த கிழமை, கமநல நிலையத்து வாங்கில் எனக்குப் பக்கத்தில் ஒரு மாமி இருந்தார். மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் அடையாள அட்டைப் பிரதி, காணி அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், அப்புறம் வேரோடு பிடுங்கிய ஒரு கத்தரிக்கன்று. வேர் கறுத்து அழுகிப் போயிருந்தது. அத்தாட்சிக்கு என்று கொண்டு வந்திருக்கிறார். அவருடைய முறை வந்தபோது உத்தியோகத்தர் கன்றைப் பார்க்கவில்லை. "கொச்சிக்காய் எவ்வளவு போட்டீங்க அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"கால் ஏக்கர் வரும் தம்பி. மிச்சம் முக்காலும் கத்தரியும் பயற்றங்காயும்."

அவர் கால் ஏக்கரை எழுதிக்கொண்டார். முக்காலை எழுதவில்லை.

அவர் செய்ததில் பிழை இல்லை, விதி அப்படி. கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை என்பது 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அதன் ஊடாக, விவசாயி தவணைப்பணம் கட்டாமலே கிடைக்கும் பயிர்க் காப்புறுதி ஆறு பயிர்களுக்குத்தான்: நெல், சோளம், சோயா, உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம், கொச்சிக்காய் (மிளகாய்). வெள்ளம், வறட்சி, காட்டு யானை ஆகியவற்றால் வரும் அழிவு இதில் அடங்கும். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அரசு அறிவித்த தொகை, முழுவதும் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு அதிகபட்சம் 40,000 ரூபா.

பட்டியலை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். உருளைக்கிழங்கு நம்முடைய சூட்டில் விளையாது. கரையோர மணலில் நம் ஆட்கள் போடுவது சின்ன வெங்காயம். பட்டியலில் இருப்பது பெரிய வெங்காயம். வெண்டி, பாகல், புடோல், பூசணி, வத்தகப்பழம், வாழை, பப்பாசி எதுவும் இல்லை. ஆக, ஒரு ஏக்கர் தோட்டம் முழுதாக நீரில் மூழ்கினாலும் மாமியின் கணக்குக் கால் ஏக்கர் கொச்சிக்காயோடு நின்றுவிடுகிறது. 40,000 இல் கால்பங்கு 10,000 ரூபா. அதுவும் உச்சவரம்புதான், அழிவு பாதி என்று மதிப்பிட்டால் தொகையும் இறங்கும்.

(2025 நவம்பரில் திட்வா புயலோடு மாவிலாற்று அணைக்கட்டு உடைந்ததே, அது மாதிரிப் பேரிடர்களில் அரசு தனியாக நிவாரணம் அறிவிப்பதுண்டு. அதில் எந்தப் பயிருக்கு எவ்வளவு என்பதை அந்த நேரத்துச் சுற்றறிக்கைதான் தீர்மானிக்கும். அது வேறு, காப்புறுதி வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

நெல்லோடு ஒப்பிட்டால் தோட்டக்காரர் எவ்வளவு தனித்து நிற்கிறார் என்பது தெரியும். நெல்லுக்கு உர மானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா என்று உயர்ந்தது. நெல் சந்தைப்படுத்தும் சபை 2025 பெப்ரவரியில் கிலோவுக்கு நாடு 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 ரூபா என உத்தரவாத விலை அறிவித்தது. தம்பலகாமத்து வயல்காரருக்கு ஒரு அடிவிலையாவது தெரியும். கத்தரிக்கு அப்படி ஒரு விலையைச் சொல்ல யாருமில்லை. தம்புள்ளை மொத்தச் சந்தையில் அன்று விடிய எத்தனை லொறி வந்து நிற்கிறதோ, அதுதான் விலை. நிலாவெளியில் இருந்து தம்புள்ளைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். காலையில் பிடுங்கிய காய் அங்கே போய்ச் சேரும்போது பாதி முகம் வாடியிருக்கும்.

சரி, கைக்கு எட்டுவது என்ன?

முதலில் பதிவு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல நிலையத்தில் விவசாயக் காணிகளுக்கு ஓர் இடாப்பு வைத்திருக்கிறார்கள். வயல்காரர் பெரும்பாலும் அதில் இருப்பார். தோட்டக்காரர்தான் "நமக்கு அங்கே என்ன வேலை?" என்று இருந்துவிடுவார். குத்தகைக்குச் செய்பவர்கள் நிலைமை இன்னும் மோசம். வாய்ப்பேச்சில் காணி எடுத்து மூன்று வருடமாக மிளகாய் போட்டிருப்பார். இடாப்பில் கொழும்பில் இருக்கும் காணிக்காரரின் பெயர் இருக்கும். நட்டஈடு வரும்போது அந்தப் பெயரைத்தான் தேடுவார்கள். குத்தகையை ஒரு கடதாசியில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, கிராம உத்தியோகத்தருக்கும் காட்டி, பயிர் செய்பவர் யார் என்பதை நிலையத்தில் பதிந்துவிடுங்கள். காணிக்காரர் தயங்குவார், உரிமை போய்விடும் என்று பயப்படுவார். இருந்து பேசத்தான் வேண்டும்.

பதியும்போது "தோட்டம், ஒரு ஏக்கர்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எந்தப் பயிர் எத்தனை பேர்ச், எந்தத் திகதியில் நட்டது என்று பிரித்துச் சொல்லுங்கள். கத்தரிக்கு நடுவே கொச்சிக்காயைக் கலந்து நட்டிருந்தால், பிறகு அளக்க வருபவர் எதை அளப்பார்? வெள்ளம் வந்தால் உடனே அறிவியுங்கள், தொலைபேசியில் நாலு படம் எடுத்து வையுங்கள். உத்தியோகத்தர் வந்து பார்க்கும் வரை காணியை உழக்கூடாது. துப்புரவான காணியைப் பார்த்து அழிவை எழுத யாராலும் முடியாது.

பட்டியலில் இல்லாத பயிருக்கு வழியே இல்லை என்றும் இல்லை. அதே சபையில் தவணைப்பணம் கட்டி மரக்கறி, வாழை போன்றவற்றைக் காப்புறுதி செய்யலாம். பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் கார்மேகம் கண்ட பிறகுதான் ஓடுகிறார்கள். நடுகையோடு செய்ய வேண்டிய வேலை அது. அரை ஏக்கர் வெண்டிக்கு நான் கட்டமாட்டேன். இரண்டு மாதத்தில் காய் பிடுங்கிவிடலாம், போனால் மறுபடி விதை ஊன்றலாம். ஆனால் கடன் எடுத்து வாழையோ பப்பாசியோ வைப்பவர் கட்டாயம் விசாரிக்க வேண்டும். வருடக்கணக்கில் நிற்கிற பயிர், ஒரு கச்சான் காற்றில் சாய்ந்துவிடும். ஒப்பந்தத்தில் காற்று எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வையுங்கள்.

விவசாயிகள் ஓய்வூதியத்தையும் இந்தச் சபைதான் நடத்துகிறது. 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். 18 முதல் 59 வயது வரை சேரலாம், 60 இல் இருந்து ஓய்வூதியம். இடையில் கொடுப்பனவு நின்று, 2014 இல் மீண்டும் தொடங்கிய கதை பலருக்கு ஞாபகம் இருக்கும். தொகை பெரிதல்ல. ஆனால் இதில் நெல், கத்தரி என்ற வேறுபாடு இல்லை.

கடைசியாகத் தராசு. காப்புறுதி வெள்ளம் வந்த வருடத்துக்கு. இது ஒவ்வொரு கிழமைக்கும். யாழ்ப்பாணச் சந்தைகளில் வியாபாரிகள் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவை "கழிவு" என்று விலை கொடுக்காமல் பிடிப்பது வருடக்கணக்காகப் பேசப்படுகிற விடயம். எங்கள் பக்கத்திலும் மூட்டைக்கு இத்தனை என்று கழிப்பவர்கள் உண்டு. ஒரு கணக்குக்கு, 100 கிலோ கத்தரி, கிலோ 150 ரூபா என்று வைப்போம். வரவு 15,000. விதை, உரம், மோட்டருக்கு எண்ணெய், பிடுங்கு கூலி, லொறி எல்லாம் சேர்த்து 10,500 போனால் மிச்சம் 4,500. பத்துக் கிலோக் கழிவு 1,500. பேச்சுக்கு அது பத்தில் ஒன்று. உங்கள் இலாபத்தில் மூன்றில் ஒன்று.

1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டப்படி வியாபாரத் தராசுகள் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். முத்திரையைக் கேட்டுப் பார்க்கலாம், சந்தேகம் என்றால் கச்சேரியில் உள்ள அளவீட்டு அலகுகள் பிரிவில் முறையிடலாம். ஆனால் கழிவு தராசில் நடப்பதில்லை, சிட்டையில் நடக்கிறது. தராசு 50 காட்டும். சிட்டையில் 45 விழும். ஆகவே நிறுத்த நிறை, கழித்த நிறை, விலை மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்று சொல்பவரிடம் எதற்காக என்று கேளுங்கள்.

மாமி இப்போது ஒரு கொழுக்கித் தராசு வாங்கி வைத்திருக்கிறார். மூட்டையைத் தைக்க முன்னர் கிணற்றடி முருங்கைக் கிளையில் தொங்கவிட்டு நிறுத்து, நிறையைச் சாக்கின் மேல் மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுகிறார். லொறிக்காரப் பெடியன் சிரிக்கிறானாம்.