வடிகால் பதியம்

கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, எதற்கும் அடங்காமல் போனால் 'வால்வு வைக்கணும்', 'டியூப் வைக்கணும்' என்பார்கள். அப்படி வைக்கும் சாதனத்தை 'வடிகால் பதியம்' என்று சொல்வதுதான் சரி என்பது என் கருத்து.

விழியின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்து வடிகிறது. இது கண்ணீர் அல்ல, வெளியே வராது. வடியும் வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடுகிறது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காக்கத்தான் சிகிச்சை. சொட்டு மருந்தும் முதல் அறுவை சிகிச்சையும் கைகொடுக்காதபோது, மெல்லிய சிலிக்கோன் குழாயின் ஒரு முனையைக் கண்ணுக்குள் செருகுகிறார்கள். மறுமுனையில் உள்ள தகட்டை வெள்ளை விழியின் மேல், மெல்லிய படலத்துக்கு அடியில் தைத்துவிடுகிறார்கள். தகட்டைச் சுற்றி உடலே ஓர் உறையை வளர்க்கிறது. நீர் அதில் தேங்கி, மெல்லக் கசிந்து, ரத்தத்தில் சேர்கிறது.

குழாயும் தகடும் சேர்ந்த இந்த அமைப்புக்கு வழிகாட்டியவர் ஆன்டனி மோல்டினோ. 1960களின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் அவர் செய்ததில் வால்வு கிடையாது. வால்வு உள்ள 'அகமது வால்வு' என்ற சாதனம் 1990களில் வந்தது.

'வால்வா' என்றால் லத்தீனில் மடக்குக் கதவின் ஒரு பலகை. தமிழில் அடைப்பிதழ். அகமது சாதனத்தில் அழுத்தம் ஓரளவு ஏறினால்தான் அது திறக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கருவித் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் 2013-இல் கொண்டுவந்த சாதனத்தில், 350 சதுர மி.மீ. தகடு உண்டு, அடைப்பிதழ் இல்லை. உறை வளரும் முன் நீர் மொத்தமாக வடிந்தால் விழி தளர்ந்துவிடும். அதனால் கரையும் நூலால் குழாயைக் கட்டிவைப்பார்கள். நூல் கரைய ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை அழுத்தம் இறங்காமல் இருக்கலாம், சொட்டு மருந்தும் தொடரும். 'வால்வு வைத்தாச்சு' என்று மட்டும் கேட்டு வந்தவர், ஆபரேஷன் வீணாகிவிட்டதோ என்று கலங்கிப்போவார். அதனால்தான் எல்லாவற்றையும் வால்வு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

வடிகால் நமக்குப் பழகிய சொல். வாய்க்காலில் உள்ள அதே 'கால்', நீர் போகும் வழி. ஆங்கில 'இம்ப்ளான்ட்' லத்தீனில் 'உள்ளே நடுதல்' என்ற பொருளில் பிறந்தது. நட்டு வேர்பிடிக்க வைப்பதை நாம் பதியம் போடுவது என்கிறோம். உடல் உறை வளர்த்து ஏற்றுக்கொண்டால்தான் இதுவும் வேலை செய்யும். வால்வு உள்ளதை 'அடைப்பிதழ் வடிகால் பதியம்' என்று பிரித்துச் சொல்லலாம்.