பூட்: காலணி வாரிலிருந்து கணினிக்கு வந்த சொல்

"ஸ்டார்ட் ஆகுது, ஆனா பூட் ஆகலை" என்று அத்தை மகன் தன் கணினியைப் பற்றிப் போனில் சொன்னதுமே பாதி விஷயம் பிடிபட்டுவிட்டது. விசிறி சுற்றுகிறது, சின்னம் வருகிறது, அப்புறம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள், கடைசி வரியில் "கர்னல் பேனிக்", அதாவது இயங்குதளத்தின் மையமான கர்னல் மேலே நகர முடியாமல் நின்றுவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் புதுப்பிப்பு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போயிருக்கிறது. பக்கத்தில் யாரோ ஃபார்மேட் போடச் சொல்லிவிட்டார்கள், அவனுடைய கல்லூரி புராஜெக்ட் முழுக்க அந்த டிஸ்க்கில்தான். தொடாதே என்றேன்.

கணினியைப் போட்டதும் இயங்குதளம் நினைவகத்தில் ஏறி வேலைக்குத் தயாராவதுதான் பூட், அது பூட்ஸ்ட்ராப் என்பதன் குறுக்கம். உயரமான பூட்ஸை மாட்டும்போது பிடித்து இழுக்க மேல் விளிம்பில் வளையமாக ஒரு வார் இருக்கும், அதுதான் அது. அந்த வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்றால் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நடக்கவே நடக்காத காரியம் என்று பொருள், பிறர் உதவியில்லாமல் முன்னேறுவது என்ற பொருள் பிறகு வந்ததுதான். 1950களில் கணினிக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். நிரலை நினைவகத்தில் ஏற்ற ஒரு நிரல் வேண்டும், சரி, அந்த நிரலை யார் ஏற்றுவது? ஐபிஎம் 701 கணினியில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது, அழுத்தினால் அட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ 36 பிட் மட்டும் உள்ளே வரும், மீதியை அதுவே இழுத்துக்கொள்ளத் தொடங்கும். கிணற்று மோட்டாரில் தண்ணீர் இறங்கிப்போனால் மேலே ஒரு குடம் ஊற்றிய பிறகுதானே அது கிணற்றுத் தண்ணீரை இழுக்கும், அதே கதை.

கணினியை முதலில் எழுப்பும் உள்மென்பொருள் பயாஸாக இருந்த பழைய கணினிகளில் அந்தக் குடத்தின் அளவு 446 பைட். டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் நிரலுக்குக் கிடைப்பது அவ்வளவுதான், யூனிகோடு தமிழில் எழுதினால் ஏறக்குறைய 150 குறிகள். அது குரப்பை (GRUB, கர்னலை ஏற்றித் தரும் பூட்லோடர்) ஏற்றும், குரப் கர்னலையும் கூடவே ஒரு தற்காலிகக் கோப்புத் தொகுப்பையும் ஏற்றும், பிறகு கர்னல் அந்தத் தொகுப்பின் துணையோடு உங்கள் டிஸ்க்கைத் திறக்கும். பயாஸின் இடத்துக்கு யூஇஎஃப்ஐ வந்துவிட்ட இப்போதைய கணினிகளில் முதல் படி வேறு, மற்றபடி சங்கிலி இதேதான்.

அவனுக்கு அறுந்தது கடைசிக் கண்ணி. புதிய கர்னல் வந்துவிட்டது, அதற்கான தற்காலிகத் தொகுப்பு உருவாகும் முன்பே கரன்ட் போய்விட்டது, அதனால் கர்னலுக்கு டிஸ்க்கைத் திறக்க வழியில்லை. கோப்புகள் அப்படியே இருந்தன. சின்னம் மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை அழுத்தச் சொன்னேன் (பயாஸ் கணினி என்றால் ஷிப்ட்), குரப் பட்டியல் வந்தது, அதில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் பழைய கர்னல் பத்திரமாக இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் வழக்கமான திரை வந்துவிட்டது. முதலில் புராஜெக்டைப் பென்டிரைவில் எடுத்துவைத்தான், பிறகு பாதியில் நின்ற மென்பொருள் பொதிகளை நிறுவி முடித்து, அந்தத் தொகுப்பை மறுபடி உருவாக்கி, குரப் பட்டியலைப் புதுப்பித்தோம். பழைய கர்னலும் ஏறாவிட்டால் லைவ் யுஎஸ்பி (பென்டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ்) போட்டு, உள்ளே இருக்கும் அமைப்புக்குள் நுழைந்து இதே வேலைகளைச் செய்ய வேண்டும்.

தமிழில் பூட் என்பதற்குத் 'தொடக்கம்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 'துவக்கம்' என்றும் எழுதுகிறார்கள், ஆனால் இலங்கைத் தமிழில் துவக்கு என்றால் துப்பாக்கி, பொத்தானில் 'துவக்கு' என்று போட்டால் அங்கே எப்படிப் படிப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். ஏர் பூட்டு, வண்டி பூட்டு என்பதோடு பூட்டை இணைத்துப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஒலி ஒற்றுமை தவிர உறவு கிடையாது. ரீபூட் மறுதொடக்கம், பூட்லோடர் தொடக்க ஏற்றி. பூட்ஸ்ட்ராப் என்ற மூலக் கருத்துக்கு மட்டும் தொடக்கம் போதாது, சிறியது தன்னை ஏற்றிக்கொண்டு பெரியதை இழுக்கும் அந்த அழகு அதில் வராது, அதற்குத் 'தன்னேற்றம்' என்று சொல்லலாம் என்பது என் விருப்பம்.

எந்தச் சொல்லை எடுத்தாலும், உதவி கேட்கும்போது "கம்ப்யூட்டர் வேலை செய்யலை" என்று நிறுத்திவிடாதீர்கள். "தொடக்க ஏற்றி வரை வருது, கர்னல் ஏறலை" என்று சொன்னால் கேட்பவருக்கு எந்தக் கண்ணியில் கைவைப்பது என்று அப்போதே தெரிந்துவிடும்.