பதற்ற நோய் சிகிச்சை: முதல் இரண்டு வாரத்தில் விட்டுவிடாதீர்கள்

பதற்ற நோயோடு மனநல மருத்துவரிடம் வருகிறவர்களில் பலர் கையில் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். ஈசிஜி, எக்கோ, ட்ரெட்மில், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்திருப்பார்கள்; எல்லாமே நார்மல். "எல்லாம் நார்மல்னா எனக்கு ஏன் டாக்டர் நெஞ்சு இப்படி அடிச்சுக்குது?" என்பார்கள். நியாயமான கேள்வி. படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், மூச்சு முட்டல், வயிற்றைக் கலக்குவது எல்லாம் உடம்பில் உண்மையாகவே நடப்பவை. ஆபத்து வந்தால் ஓடுவதற்கு உடம்பைத் தயார்படுத்தும் அட்ரினலின், ஆபத்தே இல்லாத நேரத்திலும் சுரந்துவிடுகிறது.

சிகிச்சைக்கு முன் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சல்பூட்டமால், அளவு மீறிய காபி ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். மதுவும் அப்படித்தான். இரவு குடித்தால் பதற்றம் அடங்குகிறது. போதை இறங்கும்போது, விடியற்காலையில், இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. இதைக் கேட்டால் பலர் நெளிவார்கள். ஆனால் இதை மறைத்தால் எந்தச் சிகிச்சையும் பிடிக்காது.

எந்த வகைப் பதற்றம் என்பதும் முக்கியம். ஆறு மாதத்துக்கு மேலாக எல்லாவற்றுக்கும் ஓயாமல் கவலைப்படுவது ஒரு வகை. திடீரென்று வந்து பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் பேனிக் அட்டாக் இன்னொன்று. நாலு பேர் முன் பேச, சாப்பிட, கையெழுத்துப் போடக்கூடப் பயப்படுவது சமூகப் பதற்றம். உயரம், ஊசி, நாய் என்று ஒரே ஒன்றுக்கு மட்டும் பயம் என்றால் பெரும்பாலும் மாத்திரையே தேவைப்படாது. அதைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சியே போதும்.

மற்றவற்றுக்கு நன்கு நிரூபிக்கப்பட்ட வழிகள் இரண்டு: மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டைக் கூட்டும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும், சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. எது உசத்தி என்று எல்லோரும் கேட்கிறார்கள். பலன் ஏறத்தாழ ஒன்றுதான். பயிற்சி பெற்ற உளவியலாளர் கிடைக்கிறாரா, வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா, கூடவே மனச்சோர்வும் இருக்கிறதா என்பதைப் பார்த்து முடிவு செய்யலாம். சிலருக்கு இரண்டுமே வேண்டியிருக்கும். இரண்டுக்கும் பொதுவான சிக்கல் ஒன்று உண்டு: நிம்மதி வருவதற்கு முன்னால் கொஞ்சம் சிரமம் வரும். பாதியில் விடுகிறவர்களில் பலர் விடுவது அங்கேதான்.

செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைகளைத் தொடங்கிய முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு வரலாம். படபடப்பே கொஞ்சம் கூடலாம். அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுகிறோம். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். நாலாவது நாள் "எனக்கு ஒத்துக்கல" என்று நிறுத்துகிறவர் சிரமத்தை மட்டும் அனுபவித்துவிட்டு, பலன் வருமுன் போய்விடுகிறார். பாலுறவில் நாட்டம் குறைவதும் உண்டு. வெட்கப்படாமல் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றலாம். 25 வயதுக்கு உட்பட்டவர்களைத் தொடக்க வாரங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் வந்தால் எந்த வயதினரானாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள்.

"பழகிடுமா டாக்டர்?" என்ற பயம் பெரும்பாலும் இந்த மாத்திரைகள் மேல்தான். விசித்திரம் என்னவென்றால், உண்மையிலேயே பழக்கமாகக்கூடிய அல்பிரசோலத்தைப் பற்றி அந்தப் பயம் குறைவு. அரை மணியில் நெஞ்சு அடங்கிவிடுவதால் அது நல்ல மாத்திரை என்று பெயர் வாங்கிவிடுகிறது. அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், டயசிபாம் எல்லாம் ஒரே குடும்பம். இரண்டு முதல் நாலு வாரத்துக்கு, ஊன்றுகோலாக மட்டும் கொடுக்க வேண்டியவை. நாளாக ஆக அதே அளவு போதாமல் போகும். மதுவோடு சேர்ந்தால் ஆபத்து. வயதானவர்கள் தடுமாறி விழ நேரும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். பழைய சீட்டைக் காட்டி நீங்களே வாங்கிச் சாப்பிட்டுவந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். திட்டுவதற்குக் கேட்கவில்லை, பத்திரமாகக் குறைப்பதற்குத்தான்.

சிபிடியை "உட்கார்ந்து பேசுவது" என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். இதயம் நின்றுவிடும் என்று பயப்படுபவரை, இதய நோய் இல்லை என்று உறுதி செய்த பிறகு, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடச் சொல்வோம். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்வோம். அவர் அஞ்சும் அதே படபடப்பும் மூச்சு முட்டலும் வரும். தடுக்காமல் காத்திருந்தால் தானாக இறங்கும். "இது வரும், போகும்" என்று நாம் ஆயிரம் முறை சொன்னாலும் ஏறாதது அப்போது ஏறும். பிறகு வெளியே: தவிர்த்துவந்த பேருந்து, லிஃப்ட், கூட்டம், எளிதானதில் தொடங்கி ஒவ்வொன்றாக. பெரும்பாலும் 12 முதல் 15 அமர்வுகள்.

இதில் வீட்டாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. சட்டைப் பையில் எப்போதும் மாத்திரை, வாசலருகே மட்டும் உட்காருவது, துணையில்லாமல் வெளியே போகாதது எல்லாம் பயத்துக்குத் தீனி. நாளுக்கு இருபது தடவை "உனக்கு ஒண்ணும் இல்ல" என்று தேற்றுவதும் அப்படியே. அன்பினால் செய்வதுதான், ஆனாலும் குறைக்க வேண்டும்.

மேடை நடுக்கத்துக்கு மட்டும் என்றால், இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் மாத்திரை உதவும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கூடாது. உடற்பயிற்சியும் சீரான தூக்கமும் உண்மையிலேயே பலன் தருபவை. தியானம் பற்றி எனக்கு முன்பு கொஞ்சம் இளக்காரம் இருந்தது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், எட்டு வார மனநிறைகவன (மைண்ட்ஃபுல்னஸ்) தியானப் பயிற்சி எஸ்சிட்டலோபிராமுக்குச் சளைக்கவில்லை. முறையான வகுப்பும் தினசரிப் பயிற்சியும் இருந்த ஆய்வு அது. செல்போனில் ஐந்து நிமிடம் கேட்பதை அதோடு சேர்க்காதீர்கள்.

குணமானதும் எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரையை உடனே நிறுத்தக் கூடாது. நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடம் தொடர வேண்டும். பிறகு வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்போம். சட்டென்று விட்டால் தலைசுற்றலும் தலைக்குள் ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வும் வரலாம். பராக்ஸெட்டின் என்ற எஸ்எஸ்ஆர்ஐ மருந்திலும், அதை ஒத்த இன்னொரு மருந்தான வென்லாஃபாக்ஸினிலும் இது அதிகம். கர்ப்பம் என்று தெரிந்தாலும் தானாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.